ஊருக்கே கேட்ட டிக் டிக்

அந்த உருண்டை முதுகு வெள்ளைக் காரின் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் நீங்கள். ஒருத்தர் மடியில் இன்னொருத்தர், ஜன்னலோரத்துக்குச் சண்டை, ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் கலந்த வாடையில் வயிற்றைப் புரட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். என் பையனிடம் கார் இன்ஜின் சத்தம் என்று ஆரம்பித்தால், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்கிறான். விளக்க எனக்குத் தெம்பில்லை. ஐம்பதை நெருங்கிவிட்டேன். முக்கால்வாசிப் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே விட்டுவிடுகிறேன்.

எங்கள் அப்பா திருவண்ணாமலையில் டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி. அதற்கு முன்பு பல வருஷம் கடலை மூட்டை லாரி ஓட்டிக்கொண்டு, மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாமல் இருந்தவர். அம்மா தன் நகையைக் கழற்றிக் கொடுத்துப் பழைய காரை வாங்க வைத்ததே, மனுஷன் ராத்திரிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும் என்றுதான். வந்து சாப்பிட்டார். ஆனால் பேசமாட்டார்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களில் நடக்க முடியாதவர்களைக் காரில் ஏற்றிச் சுற்றிவிட்டு வருவதுதான் அப்பாவுக்கு முக்கியமான சவாரி. நான் சொல்வது எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் ஆரம்பித்த சமயம். இப்போதிருக்கும் ஜனநெரிசல் அப்போது இல்லை. கிரிவலப் பாதையில் ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கும்போது டிரைவர் மட்டும் செருப்பு போட்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று, எங்கள் ஊர் டிரைவர்கள் அன்றைக்கு மட்டும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அப்பாவோ எல்லா நாளும் வெறுங்கால்தான். சென்னை வரைக்கும் போனாலும் அப்படியேதான் போவார். மே மாத வெயிலில் பெடல் சுடும். அப்போதும் செருப்பைத் தொடமாட்டார்.

அதோடு பேச்சும் மெதுவாக இருக்கும். ஹாரன் அடிக்கமாட்டார், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். குளிர்காற்று ஆகாது என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். சின்ன வயதிலிருந்தே காதில் அவ்வப்போது சீழ் வடியும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வெறுங்கால், மெல்லிய குரல், அமைதி. இவ்வளவும் சேர்ந்தால் எங்கள் ஊரில் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரிய பக்திமான் என்று பெயர் வாங்கிவிட்டார். வேலூரிலிருந்து மாதாமாதம் பௌர்ணமிக்கு வரும் ரிடையர்டு டீச்சரம்மா ஒருவர் உண்டு. மூட்டு வலிக்காரர். வேறு வண்டியில் ஏறவே மாட்டார். "உங்க அப்பா வண்டியில உக்காந்தா கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரியே கீதும்மா" என்று என் கன்னத்தைத் தட்டி ஒரு கற்கண்டு கொடுப்பார். கற்கண்டில் எப்போதும் ஓர் எறும்பு இருக்கும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அப்பா வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேறுவதற்காக நிறுத்தி வைத்திருந்தார். டிக் டிக் டிக் என்று, பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போல ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாகும், காலை எடுத்தால் நிதானமாகும். நான் ஜடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா, வண்டியில ஏதோ டிக் டிக்னு அடிக்குது."

அப்பா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. நல்லாத்தான் கீது."

உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே கேட்டது. தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டது. அப்பா மட்டும் இல்லவே இல்லை என்றார். இரண்டு நாளில் சத்தம் கொஞ்சம் கூடியது. அப்போதும் இல்லை என்றார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை மண்டியில் கணக்குப் பிள்ளை. சொந்தமாக ஒரு மொபெட் வைத்திருந்ததால் எல்லா இன்ஜினையும் பற்றி அவருக்குக் கருத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்ஜின் இல்லக்கா. சக்கரத்துல கல்லு மாட்டியிருக்கும்."

நாலு சக்கரத்து மூடியையும் கழற்றினார். ஒன்றுக்குள் ஒரு கூழாங்கல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கம்பீரத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வண்டி ஓடாமல் நிற்கும்போதுகூடச் சத்தம் வருகிறதே, சக்கரத்துக் கல் எப்படிச் சத்தம் போடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூடிகளை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தார்கள். டிக் டிக் டிக். மாமா உடனே, ஆயிலை மாற்று, கெட்டி ஆயிலாக ஊற்று என்றார். அம்மா அவரைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டாள்.

அம்மாவின் கணிப்பு வேறு. திருஷ்டி. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்தாள். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து அப்பாவை வண்டி எடுக்கச் சொன்னாள். பழம் நசுங்கியது, சத்தம் நசுங்கவில்லை.

"இப்ப போயிடுச்சா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா."

"இன்னா போவணும்? எதுவும் வரலையே" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. முகம் சுருங்கிப் போயிருந்தது. "எல்லாரும் சேந்துக்கினு என்னைப் பைத்தியம் ஆக்கறீங்களா?"

அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மாவுக்கு அது புதுக் கோபம் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுடைய குறை ஒன்றே ஒன்றுதான். அடுப்படியிலிருந்து "ஏங்க" என்பாள். பதில் வராது. இன்னொரு தடவை கூப்பிடுவாள். அப்பா கூடத்தில் பேப்பரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறதுல உங்க அப்பனை மிஞ்ச ஆள் கெடையாது. நான் பேசறது அந்த மனுஷனுக்குப் பேச்சாவே தெரியல" என்று என்னிடம் சொல்வாள். பிறகு நேராகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு, அரிசி இல்லைன்னு சொல்லு, சித்தி வீட்டுக்குப் போவணும்னு சொல்லு என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும். நான் போய் அப்பா முகத்துக்கு நேரே நின்று கத்துவேன். எனக்கு அவர் பதில் சொல்வார். மகளுக்குப் பதில் சொல்கிறார், எனக்குத்தான் சொல்லவில்லை என்று அம்மாவுக்கு அதுவும் ஒரு மனத்தாங்கல்.

வண்டியில் மட்டும் இந்தக் குறை கிடையாது. சவாரிக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். அந்த வண்டியின் இரைச்சலில் யாரும் கத்தித்தானே பேச முடியும்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று டீச்சரம்மா வண்டியில் ஏறியதுமே கேட்டுவிட்டாராம், "இன்னாப்பா, இன்ஜின் இப்படி அடிச்சுக்குது, வழியில நின்னுடப் போவுது." அது எப்படியோ லாட்ஜ் மேனேஜர் காதுக்குப் போனது. கார்த்திகை தீபத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் லாட்ஜ் அது. தீபத்துப் பத்து நாளும் அவர் சொல்கிற வண்டிக்குத்தான் சவாரி. அந்தப் பத்து நாளில் வருவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் வருஷம் ஓடும். மேனேஜர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

"சத்தத்தைச் சரி பண்ணிட்டு வாங்க. நடுப்பாதையில நின்னா எங்க பேருதான் கெடும். கொடியேத்தத்துக்குள்ள ஆவலைன்னா நான் வேன்காரருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் தப்பா நெனைக்கக் கூடாது."

அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "அவன் சகலை புதுசா வேன் வாங்கியிருக்கான். அதுக்குத்தான் இந்தக் கதை."

"ஊரே பொய் சொல்லுதா?" அம்மா அன்றைக்கு என்னைத் தூது விடவில்லை. நேரே வந்து நின்றாள். "தீபத்துக்கு ஓடலைன்னா வண்டியை வித்துட்டு மறுபடியும் லாரிக்குத்தான் போவணும். அதுதான் உங்களுக்கு ஆசையா? வீட்டை விட்டுப் போனா சரின்னு இருக்கா?"

அப்பா சாவியை எடுத்துக்கொண்டார். "பாய்கிட்ட போறேன். சத்தம் இல்லைன்னு அவரே சொல்லட்டும். அப்ப நம்புவீங்களா?"

வேட்டவலம் ரோட்டில் மெக்கானிக் பாயின் ஷெட் இருந்தது. மேலே தகரம், கீழே கரி எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன மண். மத்தியானம் அம்மா சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சாப்பாடு ஒரு சாக்கு. அப்பா ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம்.

நாங்கள் போனபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பானெட் திறந்திருந்தது. பாய் எரிச்சலில் இருந்தார்.

"டேப்பெட் லூசாயிருக்குண்ணே. வால்வைத் தட்டுற இடத்துல கேப்பு ஜாஸ்தியாயிடுச்சு, அதான் அடிக்குது. அரை மணி நேர வேலை. இதுக்குப் போயி இல்லை இல்லைன்னு நிக்கறியே. இந்தத் தெருவுல போற மாட்டுக்குக் கூட கேக்குது."

"நீயுமா பாய்?"

பாய் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மரப்பிடி போட்டது. அதன் நுனியை இன்ஜின் தலைமேல் இருந்த மூடியில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். "இங்க கம்மி. இங்கயும் கம்மி. இங்கதான்." பிறகு அப்பாவிடம் நீட்டினார். "புடி. நீயே கேளு."

அப்பாவின் காதில் பஞ்சு இருந்தது. அதனால் பிடியைக் காதுக்குள் வைக்காமல், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டு குனிந்தார்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மறுபடி வைத்தார். எடுத்தார். வைத்தார். எடுக்கும்போதெல்லாம் இன்ஜினை ஒரு தரம் பார்த்தார், எங்களை ஒரு தரம் பார்த்தார்.

"இவ்ளோ நாளா இது அடிச்சிக்கினே இருந்துச்சா?" என்றார்.

பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் போய் இன்ஜினை நிறுத்தினார். ஷெட் அமைதியானது. அப்பா இன்னும் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்தபடியே இருந்தார். பாய் அவருக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணே" என்றார். சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான். அப்பா திரும்பவில்லை.

பிறகு அம்மா கூப்பிட்டாள். "ஏங்க."

எத்தனையோ தடவை அடுப்படியிலிருந்து கேட்ட அதே ஏங்க. அதே குரல், அதே அளவு. அப்பா ஸ்க்ரூ டிரைவர் நுனியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கேரியரைக் கீழே வைத்துவிட்டு அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். புடவையில் கரி ஒட்டும் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. காது கேட்காதவருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் இல்லாத ஒரு அலட்சியத்தை நினைத்து நினைத்துத் தான் வாடியதற்கும் சேர்த்து அழுதாள் என்று எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

வெறுங்காலின் கதையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பாய் அவர் காதருகே போய்க் கேட்டார், பின்னே இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்று. அப்பா காலைக் காட்டினார். கியர் மாற்ற வேண்டுமா, இன்ஜின் இழுக்கத் திணறுகிறதா என்பதெல்லாம் பெடல் வழியாக உள்ளங்காலுக்குத் தெரியுமாம். இந்த டேப்பெட் சத்தம் மட்டும் காலுக்கு எட்டாத அளவு சின்னது. ஊர் பக்தி என்று கும்பிட்டது இந்த வெறுங்காலைத்தான். அவருக்கு பக்தி இல்லை என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் இருக்கிற அளவு இருந்தது.

பாய் மூடியைக் கழற்றி, விசிறி மாதிரி விரிகிற மெல்லிய அளவுத் தகடுகளில் ஒன்றை இடுக்கில் செருகிப் பார்த்து, நட்டைத் திருகி, மறுபடி செருகிப் பார்த்து வேலையை முடித்தார். வண்டி வெண்ணெயாக ஓடியது. அப்பா ஸ்க்ரூ டிரைவரை எலும்பில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பாய் அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"ஒரு காது டாக்டரைப் பாத்துடுங்க தங்கச்சி" என்றார் பாய், அம்மாவிடம்.

"வேணாம் பாய்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் சீட்டுல எழுதுவாரு. இது சின்ன ஊரு. மேனேஜருக்குத் தெரியும், ஸ்டாண்டுல தெரியும், லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ் வரைக்கும் போவும். லைசென்ஸ் போயிட்டா நாங்க இன்னா பண்றது? நீங்களும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அப்பா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சொல்றீங்க?"

அம்மா அவர் காதோரம் போய், "ஒண்ணுமில்ல. சத்தம் போயிடுச்சாம்" என்றாள்.

கொடியேற்றத்தன்று மேனேஜர் இன்ஜினைக் கேட்டுப் பார்த்துவிட்டு சவாரி கொடுத்தார். அன்றைக்குத்தான் அம்மா ஊருக்கெல்லாம் ஒரு சேதி சொன்னாள். அவளுக்கு ஒரு வேண்டுதலாம். தீபத்துப் பத்து நாளும், அதற்கப்புறம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும், புருஷன் ஓட்டுகிற வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து மலை சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். எங்கள் ஊரில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மொட்டை போட்டாலும் சரி, அங்கப்பிரதட்சணம் செய்தாலும் சரி, டாக்சியில் டிரைவர் பெண்டாட்டி இலவசமாகக் கூட வந்தாலும் சரி.

அந்தக் காரின் முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும், நடுவில் எதுவும் தடுக்காது. அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கையை அவர் முழங்காலுக்கு அருகில் வைத்துக்கொள்வாள். பின்னால் ஹாரன் கேட்டாலோ, யாராவது கத்தினாலோ ஒரு தட்டு. மெதுவாகப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால், ஒன்றுமில்லை, போகலாம். டீச்சரம்மா பின்சீட்டிலிருந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ ஒத்துமை, கண்ணு பட்டுடும்" என்று நெட்டி முறித்தார். அம்மாவின் காது வெட்கத்தில் சிவந்துபோனது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அத்தனை ஜனம் நடக்கிற பாதையில், காது கேட்காத ஒருவர், பக்கத்தில் ஒரு பெண்ணின் கையை நம்பி வருஷக்கணக்காக வண்டி ஓட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் நல்ல நேரம், கெட்டிக்காரத்தனம் இல்லை. மாமாவிடம்கூட சொல்லவில்லை. தான் சொன்னபடி கெட்டி ஆயில் ஊற்றியதால்தான் சத்தம் போனது என்று அவர் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கரண்டியோடு எழுந்து வந்து, அவர் முன்னால் நின்று, தோளைத் தொட்டுவிட்டுப் பேசுவாள். என் தூது வேலை போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ஒரு நாள் கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது, "கோவத்துலயே பாதி வயசு போச்சுடி" என்றாள்.

பிறகு வேன்கள் வந்தன, மினி பஸ்கள் வந்தன. இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் அப்பா வண்டியை அடி அண்ணாமலையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வேங்கிக்கால் பக்கம் வீடு மாறினோம். மாறும்போது அந்த மரப்பிடி ஸ்க்ரூ டிரைவர் எங்கேயோ போய்விட்டது. அப்பா நாலு நாள் சாக்குகளைக் கொட்டித் தேடினார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஆனபோதுதான் வேலூரில் ஒரு காது டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாய் ஸ்க்ரூ டிரைவர் மாதிரியே கீது" என்றார் எங்களைப் பார்த்து.

டாக்டர் வேறு சில பரிசோதனைகளும் செய்துவிட்டு, எங்களிடம் சொன்னார். அப்பாவுக்கு உள்நரம்பு நன்றாக இருந்த காதுதானாம். சீழ் அரித்து முன்பக்கம்தான் கெட்டிருக்கிறது. இப்போது வயதாகி நரம்பும் தளர்ந்துவிட்டது, மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும்.

"அப்பவே வந்திருந்தா ஒரு ஆபரேஷன்ல நல்லா கேட்டிருக்கும்மா. ஏன் வரல?"

"லைசென்ஸ் போயிடும்னு பயந்துட்டோம் சார்" என்றாள் அம்மா.

"காது சரியாயிட்டா எதுக்கும்மா லைசென்ஸ் போவுது?"

அம்மா மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்றாரு?"

அம்மா அவர் காதோரம் போகவில்லை. அவள் கை மட்டும் நகர்ந்து அவர் முழங்காலுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு இரண்டு முறை தட்டினாள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார்.